கரைக்குச் சின்ன ர

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நான் நாலு வரி எழுதுவேன் என்பது காதுகுத்து பிளக்ஸ்களைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரியும். எதிரே ஓர் ஆள் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. தாளைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் நூலகர் கேட்டதற்குச் சம்மதித்தேன்.

மீன் ஏலக்கூடத்தில் ஒரு சாயங்காலம் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். தலைப்பு ‘உரிமையும் கடமையும்’. வக்கீல் ஒருவர் பேசி முடித்ததும் என் முறை. சனங்கள் ஆளுக்கொரு சொல்லைச் சீட்டில் எழுதி, மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியில் போட வேண்டும். நான் எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே கவிதை எழுதி வாசிக்க வேண்டும்.

“ஒத்த வார்த்தைதாங்க. பேரு எழுத வேணாம்,” என்று நூலகர் மைக்கில் சொன்னார். பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவன் நான். யார் எழுதியது என்று தெரிந்தால் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டிவருமே.

முதல் சீட்டில் ‘குழாய்’ என்று இருந்தது.

தண்ணீர் கேட்பது உரிமை,
குழாயை மூடுவது கடமை.
தண்ணீரே வராத குழாயை
நாங்கள் தவறாமல் மூடிவைக்கிறோம்.

கூடம் அதிரக் கைதட்டினார்கள். “யாத்தே! நம்ம ஐஸுக்குள்ள இம்புட்டுச் சூடா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். என் வாழ்நாளில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. இரண்டாவது சீட்டுக்கும் தட்டினார்கள். மூன்றாவதை நானே ஆசையாக எடுத்தேன்.

பென்சிலால் அழுத்தி எழுதிய சீட்டு. ‘கறை’.

சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்குப் பழைய பகை. நாலாம் வகுப்பில் பறவைக்குச் சின்ன ர போட்டுவிட்டு, வகுப்பே சிரிக்க ஐம்பது தடவை பலகையில் எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் தட்டிப் பார்த்துத்தான் எழுதுவேன். சீட்டில் பெரிய ற-வைப் பார்த்ததும், யாரோ நன்றாகப் படித்தவர் எழுதியது என்று நினைத்தேன். என்னைப் போல ஒருவர் எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வலை வீச உரிமை உண்டு உனக்கு,
வலைக்குள் ஒளிக்க உரிமை இல்லை.
கடல் முழுக்கக் கழுவினாலும் போகாது
கையில் ஏறிய கறை.

வாசித்து முடித்தேன். முன்னைவிடப் பலமாகக் கைதட்டல். தட்டிக்கொண்டே எல்லாரும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே இருந்த அக்கா எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார்.

அவர் மீன் விற்கிறவர். தினமும் காலையில் என்னிடம் ஐஸ் வாங்குவார். அவர் மகன் போன படகில் நாலு பேரை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. மூன்று பேர் விடுதலையாகி வந்துவிட்டார்கள். இவர் மகன் மட்டும் இன்னும் இலங்கைச் சிறையில். படகில் ஏதோ கடத்தல் பொட்டலம் இருந்ததாம், அது அவனுடையதாம் என்று டீக்கடைகளில் பேச்சு. அவன் மீன்பிடிக்கப் போனவன்தான், வேறு தொழில் தெரியாதவன் என்று எழுதி, படகுச் சங்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுப்பதாக இருந்தது.

எழுதும்போது அவன் நினைப்பு எனக்கு வரவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது. அந்தப் பொட்டலப் பேச்சு மனசில் ஓடியதால்தான் ‘ஒளிக்க’ என்ற சொல்லே விழுந்தது. கைதட்டுவார்கள் என்றும் தெரிந்தது.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போலப் பெட்டியோடு வந்தார். நான் தலையைக் குனிந்து ஐஸை உடைத்தேன்.

“தம்பி, நேத்து அந்தச் சீட்டு நான் போட்டதுதான்.”

கையிலிருந்த கட்டை நின்றது.

“எம்மவன் கரைக்கு வரணும்னு நீங்க நாலு வரி பாடுவீங்கன்னுதான் எழுதுனேன். வக்கீலு இருக்காக, பெரிய ஆளுக இருக்காக, காதுல விழட்டும்னு. ஒத்த வார்த்தைன்னாக. அதான் இதை எழுதுனேன்.” படகுகள் நிற்கும் பக்கம் கையை நீட்டினார். “இந்தக் கரை தம்பி. இந்தா, அங்கிட்டு இருக்கே, இது.”

“பெரிய ற போட்டிருந்துச்சுக்கா,” என்றேன்.

“ரெண்டாப்பு படிச்சவளுக்கு எந்த ற-ன்னு என்னத்தத் தெரியும்?”

அன்றே சங்கத்துக்குப் போனேன். வாசலில் நெடுநேரம் நின்றேன். தலைவர் தானாகவே, “வாங்க கவிஞரே, என்ன அங்கிட்டே நிக்கிறீங்க?” என்றார். தப்பு என்னுடையது, அது எழுத்துப்பிழை, அந்த அக்கா கேட்டது கரை என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். “பெத்த தாயே கறைன்னு எழுதிக் குடுத்திருக்கா. நீ எதுக்குய்யா சின்ன ர, பெரிய ற-ன்னு பூசி மொழுகுற?”

“அது அப்படியில்லைங்க...”

“பாட்டு நல்லாருந்துச்சுய்யா. ஊரே சொல்லுது. இப்பப் போயி கெடுத்துக்காத.”

தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கையெழுத்துப் போட வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள் என்றார். போட்டவர்களில் ஒருவர் தன் கையெழுத்தை அடித்துவிடச் சொல்லிவிட்டாராம். “சங்கத்து லெட்டரைக் கொஞ்சம் பொறுத்துக் குடுக்கலாங்க. நாளைக்கு எங்களயும்ல கேப்பாக?”

உண்மையைச் சொல்வதும் என் கடமைதான். ஆனால் மைக் இருந்தபோது பொய் சொன்னேன். உண்மை சொல்லப் போனபோது என் குரல் அந்த அறையின் மூலைக்குக்கூடப் போகவில்லை.

தனி மனு எழுதித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்து எழுதினேன். ‘என் மகன் கரை திரும்ப ஆவன செய்ய வேண்டுகிறேன்’ என்ற இடத்தில் அவர் விரலை வைத்தார்.

“இது எந்தக் கரை தம்பி?”

“சின்ன ர-க்கா.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. நல்லாப் பாத்துக்கங்க.”

திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போனோம். வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். வாங்கியவர் படித்துவிட்டு, “சங்கத்து லெட்டர் வச்சிருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சீல் அடித்து ஒரு சீட்டு கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் டிக்கெட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அவன் இன்னும் வரவில்லை. கரை என்று நாற்பது கவிதைக்கு மேல் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் அந்த நாலு வரி மாதிரி அமையவில்லை. அமைந்தாலும் வாசிக்க இடமில்லை. நூலகர் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை எங்கள் கம்பெனியை ஒட்டிய ஏலக்கூடத்தில் எடையில் ஏதோ தகராறு. யாரோ ஒருவர், “கடல் முழுக்கக் கழுவுனாலும் போகாதுடா!” என்று கத்த, கூடமே சிரித்தது. அது யார் எழுதியது என்பதுகூட அவர்களுக்கு மறந்திருக்கும். அக்கா அப்போது என் முன்னால்தான் நின்றிருந்தார். பெட்டியை நீட்டினார். ஐஸை நிறைத்து மூடிக் கொடுத்தேன். இரண்டு பேரும் காதில் விழாதது போல இருந்தோம்.