சூரியமீனைப் பிடித்து இழுத்த வழிகாட்டி

எங்கள் திருகோணமலைக் கடலில் சூரியமீன் தென்பட்டதாகக் கேள்விப்பட்டதும் நானும் தங்கை ஜெசிந்தாவும் அதைப் பார்க்கப் புறப்பட்டோம். இருவரும் முதுகில் காற்றுத் தொட்டியோடு கடலுக்கடியில் முறையாகச் சுழியோடப் பழகியவர்கள். வழிகாட்டி ஒருவரும் கூட வந்தார்.

ஆழத்தில் அந்த மீனைக் கண்டதும் எல்லாமே மறந்துபோனது. கதவளவு உடம்பு, வால் என்று ஒன்றே இல்லை. சின்ன மீன்கள் அதன் தோலைக் கொத்திச் சுத்தம் செய்ய, அது அசையாமல் மிதந்தது.

தங்கையோடு சேர்த்துப் படமெடுக்க, வழிகாட்டி ஒரு கையால் அதன் செட்டையைப் பிடித்து இழுத்து, மறுகையிலிருந்த கமராவில் ஒரு படம் எடுத்தார். மிரண்ட மீன் திமிறி அடித்ததில் அவளுடைய முகக்கண்ணாடியும் வாயிலிருந்த காற்றுக்குழாயும் கழன்றன. அவள் பதறி, மூச்சை அடக்கியபடி மேலே பாயப் பார்த்தாள். அப்படிப் போனால், உள்ளே அடைபட்ட காற்று மேலே வர வர விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும். அவளை இறுகப் பிடித்து, என்னிடமிருந்த மாற்றுக் குழாயை வாயில் திணித்தேன். மெல்ல மெல்ல மேலே வந்தோம்.

படகில் தங்கை நடுங்கிக்கொண்டிருந்தாள். வழிகாட்டி சிரித்தார்.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே? தொட்டுப் படம் எடுக்கத்தானே எல்லாரும் வருகினம்."

"நாங்கள் பாக்க வந்தனாங்கள்!" என்று கத்தினேன். "இவள் செத்திருந்தால் அம்மாவுக்கு அந்தப் படத்தையோ காட்டுறது?"

அவர் கமராவைத் துடைத்தார். பிறகு அதே படத்தைத் தன் விளம்பரத்திலும் போட்டார். சண்டை பிடித்துத்தான் அதை விளம்பரத்திலிருந்து எடுப்பித்தேன்.

இப்போதெல்லாம் படகு புறப்படுமுன் வழிகாட்டியிடம், "மீனைத் தொடுவீங்களோ?" என்று கேட்கிறேன். சிரித்து மழுப்பினால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறேன். மற்றவர்களையும் இறங்கச் சொல்கிறேன்.

– ஒரு வாசகி, திருகோணமலை