சீர்த்தட்டில் வந்த சைலன்சர்

“ஏனுங்க டீச்சர், பொகை போற பைப்பைப் பெருசாக்குனா வண்டி வேகமாப் போகுமுங்களா?”

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மதிப்பெண் ஏன் குறைந்தது, டியூஷன் வைக்கலாமா என்று மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். தண்டபாணி மகளின் விடைத்தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்து, மடித்து என் மேசையில் வைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் நின்ற மகள் மஞ்சுளா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அப்பா, இவங்க பிசிக்ஸ் டீச்சர். மெக்கானிக் இல்லீங்கப்பா.”

“நானும் பிசிக்ஸ்தானே கண்ணு கேக்கறேன்?” என்றார்.

“வேகமாப் போகாதுங்க, சத்தமாப் போகும்” என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசை கணக்கு ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் குடும்பங்களின் பழக்கம் அன்று தொடங்கியது.

அந்த மனிதர் போன மாதம் இறந்துபோனார். செய்தியைச் சொன்னவர் மெக்கானிக் ஜெபராஜ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நம் ஊரில் பட்டறை வைத்திருப்பவர், எதையும் உரக்கப் பேசுகிறவர். அன்று போனில் அவர் குரல் எழும்பவே இல்லை. “டீச்சர், அண்ணாச்சி போய்ட்டாவ. வண்டிக்குள்ளயே.”

மறுநாள் அவர்கள் வீதி முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மஞ்சள் நிறக் காரில் சாய்ந்தபடி தண்டபாணி சிரிக்கிறார். கீழே பெரிய எழுத்தில், ‘இடியாய் முழங்கிய இதயம் ஓய்ந்தது’. பார்த்தவர்கள் எல்லோரும் மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆசைப்பட்ட காரிலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்றும் சிலர் சொன்னார்கள். அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதே, அது அப்படி இல்லை என்று சொல்லத்தான். அவருக்கு முழக்கம் பிடிக்காது.

தண்டபாணி ஸ்டீம் காலண்டரிங் யூனிட் நடத்தினார். பின்னி வந்த பனியன் துணியை நீராவியில் காட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டுச் சீராக்கும் வேலை. நாள் முழுக்க இரைச்சலிலும் வெக்கையிலும் நின்றவர், தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு அந்தக் கார். கோவையில் பந்தயம் ஓட்டி ஓய்ந்த ஒருவரிடமிருந்து வாங்கியது. இரட்டைக் கார்புரேட்டர், இறுக்கமான ஸ்பிரிங்குகள், தாழ்ந்த உடல். எஞ்சின் நன்றாக இருந்தது. ஆனால் புகைக்குழாய் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. புதிதாக எதைப் போடுவது என்பதுதான் அன்றைய கேள்வியின் பின்னணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி, ஜெபராஜின் பட்டறைக்கு என்னையும் அழைத்துப் போனார். வகுப்பில் சொல்வதுபோல ஓர் உதாரணம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டைத் திறக்கிறார்கள். கேட் குறுகலாக இருந்தால் உள்ளே நெரிசல். மைதானம்போல அகலமாக இருந்தால் ஆளாளுக்கு நின்று பேசிக்கொண்டு மெதுவாகக் கலைவார்கள். கூட்டத்துக்குத் தகுந்த அகலம் இருந்தால், முன்னால் போகிறவரின் வேகமே பின்னால் வருகிறவரையும் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினிலிருந்து வரும் புகையும் அப்படித்தான். குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் புகையின் வேகம் செத்துவிடும். மேட்டில் வண்டி திணறும்.

“எங்க ஸ்டீம் லைன் மாதிரியே இருக்குதுங்க. தேவைக்கு மேல பெரிய பைப்பைப் போட்டா ஸ்டீம் சோம்பிப் போயி தண்ணியா நின்னுக்கும். துணி நனைஞ்சு வரும்” என்றார் தண்டபாணி.

அப்போது அங்கே வண்டி எடுக்க வந்திருந்த ஒருவர், சைலன்சரையே கழற்றிவிட்டால் சிங்கம் மாதிரி உறுமும் என்று யோசனை சொன்னார். ஜெபராஜ் விடவில்லை, தண்டபாணியைப் பார்த்துச் சொன்னார்: “சத்தந்தான் வேணும்னா ஒரு கொட்டு வாங்கித் தாரேன் அண்ணாச்சி, மடியில வச்சு அடிச்சுக்கிட்டே போங்க. ஓட்டம் வேணும்னா நான் சொல்லுததக் கேளுங்க.”

கேட்டார். எஞ்சினின் நான்கு வாய்களிலிருந்தும் தனித்தனிக் குழாய்கள் இறங்கி, இரண்டாகி, பிறகு ஒன்றாகும்படி அமைத்தார்கள். வளைவுகளில் குழாய் நசுங்கக் கூடாது என்று உள்ளே காய்ந்த மணலை நிரப்பிச் சூடு காட்டி வளைத்தார் ஜெபராஜ். பழையதைவிடக் கொஞ்சமே பெரிய குழாய். நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு சைலன்சர். பின் அச்சுக்கு மேலாக ஏறி, பம்பரைத் தாண்டி வெளியே நீளும் வாய். ‘அவ்வளவு தூரம் எதற்கு, பக்கவாட்டிலேயே முடித்தால் எடை குறையுமே’ என்று நான் சும்மா கேட்டேன். தண்டபாணி சொன்ன பதில் இது: “வெளிய போகோணும்னு முடிவான பொறவு, முழுசா வெளிய போயிறோணுமுங்க டீச்சர். பாதியில நின்னா அது நம்ம ஊட்டுக்குள்ளதான் திரும்பி வரும்.”

வேலை முடிந்ததும் அவர் ஒரு பிடி பனியன் வேஸ்டை எடுத்தார். நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் கை துடைக்கக் கிடக்கும் வெட்டுத் துணிதான். ஜெபராஜை எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, துணியைத் தடிமனாக மடித்துக் குழாயின் வாயில் அழுத்திப் பிடித்தார். வழி அடைபட்ட புகை, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே சீறும். முன்பக்க இணைப்பில் உஸ்ஸென்று கேட்டது. ஜெபராஜ் முனகிக்கொண்டே மறுபடி இறுக்கினார். பிறகு சத்தம் இல்லை. “இது இல்லாம நான் ரோட்டுல எறங்க மாட்டனுங்க” என்று துணியை டேஷ்போர்டில் செருகிக்கொண்டார்.

காங்கயம் சாலையில் என்னையும் மஞ்சுளாவையும் ஏற்றிக்கொண்டு போனார். மேட்டில் அந்தக் கார் எழும்பிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் உள்ளே சாதாரணமாகப் பேச முடிந்தது. “ருக்மணிகூடப் பேசிக்கிட்டே ஓட்டலாமுங்க. அதுக்குத்தான் இத்தனையும்” என்றார். ருக்மணி அவர் மனைவி. நாள் முழுக்க இரைச்சலில் நிற்கும் மனிதர், மாலையில் மனைவியின் குரல் கேட்கும் ஒரு காரைச் செய்துகொண்டார். அவ்வளவுதான் அவர் ஆசை.

பழைய கார்கள் வைத்திருக்கும் நம் நண்பர்களுக்கு அது போதவில்லை. ஞாயிறு காலை டீக்கடை முன்னால் கார்கள் வரிசையாக நிற்கும்போது கேலி தொடங்கும். “என்னண்ணா, ஓவர்லாக் தையல் மிஷினத் தூக்கி உள்ள வெச்சுட்டீங்களா?” தண்டபாணி டீயை உறிஞ்சிவிட்டுச் சொல்வார்: “ஓவர்லாக்கு நிக்காம ஓடுமுங்க. உங்க வண்டி அவினாசியத் தாண்டுமுங்களா?” எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த ஞாயிறும் அதே கேலி. இதைக் கேட்டு மனம் நொந்தவர் தண்டபாணி அல்ல, அவருடைய மச்சினன் வேலுச்சாமி. ருக்மணியின் ஒரே தம்பி. எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறார். மாமா என்றால் உயிரை விடுவார். தன் மாமாவைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

இப்படியே சில வருடங்கள் போயின. மஞ்சுளா கல்லூரியை முடித்த பிறகு, தண்டபாணிக்கு அறுபதாம் கல்யாணம் பூண்டிக் கோவிலில் நடந்தது. ருக்மணியின் பிறந்த வீட்டுச் சீர் வந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, மஞ்சள், வேட்டி, சேலை. நடுவில், குங்குமப் பொட்டு வைத்து, பளபளவென்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சர்.

கூட்டம் கைதட்டியது. அவினாசி தாண்டாத கார்க்காரர்கள் விசிலடித்தார்கள். “மாமா, இனி நீங்க வர்றது பத்து ஊருக்குக் கேக்கோணும்!” என்றார் வேலுச்சாமி. கண்கள் கலங்கியிருந்தன.

தண்டபாணி குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

“இது எங்க போயி முடியுதுங்க மாப்ளே?”

“சைடுலயே மாமா! உங்க கதவுக்குக் கீழயே!”

அவர் புன்னகைத்து, இரண்டு கைகளாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். நம் பக்கத்தில் சீரை வாங்கிய பிறகு அது பொருள் அல்ல, பிறந்த வீட்டின் முகம். சேலை பிடிக்கவில்லை என்றாலும் ஒருமுறை கட்டிக் காட்ட வேண்டும். பாத்திரம் தேவையில்லை என்றாலும் வருகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இந்த மரியாதையைச் சிறு வயதிலிருந்து பழகிய நாம், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம்.

ஜெபராஜ் அதை மாட்ட மறுத்துவிட்டார். வேலுச்சாமி வேறொரு கடையில் மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். கழற்றிய பழைய குழாயை ஜெபராஜ் கேட்டு வாங்கித் தன் பட்டறை மூலையில் சாத்தி வைத்தார்.

சில வாரங்கள் கழித்து ருக்மணி என்னிடம் சொன்னார்: “அந்த வண்டில போனா மண்டைய இடிக்குதுங்க டீச்சர். எறங்கி சித்த நேரம் நின்னா சரியாப் போயிருது. சத்தத்துக்குத்தான் போல.” எனக்கு அது சத்தம் அல்ல என்று தோன்றியது. அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்டபாணியிடம் பேசினேன்.

“கொழாய் உங்க கதவுக்கடியிலயே முடியுதுங்க. கீழ கியர் ராடு வர்ற எடத்துல ரப்பர் கிழிஞ்சு கெடக்குது. பொகை உள்ள வருது. அதுல இருக்கற வெஷத்துக்கு வாசமே இருக்காதுங்க. பழசையே மாட்டிருங்க.”

“தெரியுதுங்க டீச்சர்” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேலுச்சாமி ரெண்டு நாளைக்கொருக்கா வந்து சத்தத்தக் கேட்டுட்டுப் போறானுங்க. கழட்டுனா, சீரு புடிக்கலைன்னு ஆயிருமுங்க. ருக்மணிக்கு ஒரே பொறந்தவன். மஞ்சுளா கல்யாணத்துக்கு மாமன் சீரோட அவன்தான் முன்னால நிக்கோணும். கல்யாணம் முடியட்டுமுங்க, அடுத்த நாளே கழட்டிர்றேன். அது வரைக்கும் கண்ணாடிய எறக்கிட்டு ஓட்டிக்கறேன்.”

எத்தனை சொல்லியும் அந்த ஒரு இடத்தில் அவர் நகரவில்லை. சொன்னபடியே கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார், மழை வரும்வரை.

மஞ்சுளாவின் கல்யாணப் பத்திரிகை வைக்கத் தண்டபாணியும் ருக்மணியும் சேவூருக்குப் போயிருந்தார்கள். நடுப்பகல். நல்ல மழை. ஒரு வீட்டு மதிலை ஒட்டி வண்டியை நிறுத்தி, “நீ குடுத்துட்டு ஓடியா, நான் உள்ளயே இருக்கறேன்” என்றிருக்கிறார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ருக்மணிக்காக வைத்த ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகை வாங்கிய வீட்டில் ருக்மணியைச் சும்மா விடவில்லை. ஒரு வாய் சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்தார்கள். அவராலும் மறுக்க முடியவில்லை. கணவருக்கு ஒரு டம்ளர் காப்பியோடு குடைபிடித்து வந்தபோது எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் முகம் நன்றாகச் சிவந்து, அசந்து தூங்குகிறவர்போல இருந்தாராம். டாக்டர் ருக்மணியிடம் புகைதான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மாரடைப்பு என்பது நமக்குச் சௌகரியமாக நாம் வைத்துக்கொண்ட பெயர்.

காரியத்தன்று கார் நண்பர்கள் வாசலில் கூடினார்கள். மஞ்சள் காரை முன்னால் விட்டு, பின்னால் எல்லாக் கார்களும் முழங்கிக்கொண்டு ஊர்வலம் போகலாம் என்றார் ஒருவர். “அந்தச் சத்தத்த ஒருக்காக் கேட்டாத்தான் அண்ணன் ஆத்மா அடங்கும்” என்றார் இன்னொருவர். வேலுச்சாமி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ருக்மணி உள்ளேயிருந்து வந்தார். ஜெபராஜைப் பார்த்து, “அண்ணா, இதக் கழட்டுங்க. பழசு உங்ககிட்டத்தான இருக்குது?” என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் ஜெபராஜ் காருக்கு அடியில் படுத்தார். கழற்றி வெளியே இழுத்தபோது, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வரும் இணைப்பில் கரி அப்பியிருந்தது. அந்த இடத்தில் இத்தனை நாளும் புகை சீறியிருக்கிறது. பத்து ஊருக்குக் கேட்ட முழக்கத்தில் அந்தச் சீறல் யாருக்கும் கேட்கவில்லை. மாட்டிய கடையில் ஒரு பிடி துணி வைத்துப் பார்த்திருந்தால் கேட்டிருக்கும். தண்டபாணியும் வைத்துப் பார்க்கவில்லை. சீரைச் சோதிப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

ருக்மணி அதே பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து சைலன்சரை அதில் வைக்கச் சொன்னார். தேங்காய் இல்லை, வெற்றிலை இல்லை. தம்பியிடம் நீட்டினார்.

“அக்கா, சீரைத் திருப்பித் தரக்கூடாதுக்கா.”

“உங்க மாமாவுக்குச் சொல்ல வாய் வரல. நான் சொல்றேன். எனக்கு இது வேண்டாம். எடுத்துட்டுப் போ கண்ணு.”

வேலுச்சாமி தாம்பாளத்தோடு என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நானுங்களா?”

விடை தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. “நீங்க மட்டும் இல்லீங்க” என்றேன். வாசலில் நின்ற கார் நண்பர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்வலம் நடக்கவில்லை.

மஞ்சுளாவின் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. மஞ்சள் காரில் பழைய குழாய் திரும்ப ஏறிவிட்டது. ருக்மணி அதை விற்கப்போவதில்லை என்கிறார். தண்டபாணியின் சிரிப்பையும் டீக்கடைப் பதில்களையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டது ஒரு பிடி பனியன் வேஸ்ட். ஒருமுறை என் சிறிய காரைச் சோதித்துவிட்டு, டேஷ்போர்டில் அவர் செருகிவிட்டுப் போனது. கரிக்கறை படிந்த, வெளுத்த நீலத் துணி.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை, உங்கள் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, எஞ்சினைக் கிளப்பி, குழாய் சூடேறும் முன், துணியைத் தடிமனாக மடித்து அதன் வாயில் ஒரு மூச்சு நேரம் அழுத்திப் பிடித்து, அடியில் எங்காவது உஸ்ஸென்று கேட்கிறதா என்று பாருங்கள். அந்த வண்டி யார் தந்த சீராக இருந்தாலும் சரி.