குடிக்காதவளின் போதை

இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். கூரைக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, பத்து டன் தகட்டைப் பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்துவாள். பதினொரு வருடத்தில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. குடித்துக் குடித்தே செத்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். சாராய வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும்.

காலில் பட்ட காயம் சீழ் வைத்து, ஒரு மாதம் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கினாள். காயம் ஆறியது. அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாடு முடிந்ததும் தலை கிறுகிறுக்க ஆரம்பித்தது. களைப்பு என்று தள்ளிவிட்டாள்.

ஒரு நாள் பிற்பகல், தூக்கிய தகடு இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று புரியவில்லை. கீழே நின்று கைகாட்டுகிறவர் அலறிக்கொண்டு தரையில் விழுந்தார். தகடு அவர் முதுகுக்கு ஒரு முழம் மேலே விர்ரென்று போனது.

இறங்கியவளின் வாயில், குடித்திருக்கிறாளா என்று காட்டும் கருவியை சூப்பர்வைசர் வைத்தார். "ஊதும்மா."

ஊதினாள். அவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீயா? உன்னைப் போய் நம்பினேனே!"

"அண்ணே, என் பிள்ளை மேல சத்தியமா ஒரு சொட்டு தொடல."

"எல்லாரும் சொல்றதுதான். வீட்டுக்குப் போ."

வீட்டில் கணவன் கத்தவில்லை. அவள் குளிக்கும்போது அலமாரியையும் துணிக்கூடையையும் அவன் துழாவும் சத்தம் கேட்டது. ஏழு வயது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, உன் வாய் நாறுது." சின்ன வயதில் தன் அப்பாவிடம் இவள் சொன்ன அதே வார்த்தை. தூக்கத்தில் எழுந்துபோய்க் குடிக்கிறேனோ? பைத்தியம் பிடிக்கிறதோ? அடுப்பைப் பற்றவைக்கவும், மகளைக் கைபிடித்துச் சாலையைக் கடக்கவும் பயந்தாள்.

கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று நாத்தனார் வந்து இறங்கினாள். காலையிலிருந்து நிழலாக ஒட்டிக்கொண்டாள். கழிவறை வாசலில்கூட நின்றாள். மதியம் ஒரு தட்டுச் சோறு உள்ளே போன ஒரு மணி நேரத்தில் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாக்குக் குழறியது. நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அண்ணி, நீங்க எதுவும் குடிக்கலையே! நான் கண்ணை எடுக்கவே இல்லையே!"

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவளைத் தனியறையில் வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் சாராயம் ஏறிக்கொண்டே போனது.

"ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே ஈஸ்ட், அந்த மாதிரி ஒண்ணு உங்க குடல்ல பெருகியிருக்கு. மாத்திரை நல்ல கிருமிகளைக் கொன்னுடுச்சு, இதுக்குக் கொண்டாட்டம். சாப்பிடற மாவும் சர்க்கரையும் உள்ளேயே சாராயமாகுது. ரொம்ப அபூர்வம்மா."

பொய்க்காரி இல்லை என்று ஆனதில் அழுகை வந்தது. ஆனால் தன்னைக் கேட்காமலேயே தனக்குள் ஒன்று காய்ச்சிக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும், அந்த நிம்மதியையும் கிலி விழுங்கிவிட்டது.

"திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம்."

மூன்று மாதம் மருந்து. சோறு, ரொட்டி, இனிப்பு கிடையாது. கருவி பூஜ்யம் காட்டியது. சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து, தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குக் கூப்பிட்டார். "மேல ஏறுறியாம்மா?"

"இப்போ வேண்டாம் அண்ணே. கீழயே இருக்கேன்."

இப்போது அவள் தகடுகளுக்கு எண் எழுதுகிறாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் ஒரு ஓரமாக ஒதுங்கி, மகளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள், நாக்குக் குழறுகிறதா என்று.