பிரிண்ட் வரியும் இரண்டு பூட்டுகளும்

கம்ப்யூட்டர் நிரலுக்கு நடுவே “ஏன் என்று கேட்காதே, தொடாதே” என்று யாராவது குறிப்பு எழுதிவைத்தால் வெண்டுலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் தெரியாத சோம்பேறிதான் அப்படி எழுதுவான் என்பாள். செக் நாட்டு ப்ர்னோ நகரத்தில் இருபது வருஷமாக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றிலேயே குடித்தனம் நடத்துகிறவள். அவள் வாய்க்குப் பயந்தே பல பேர் அந்த மாதிரிக் குறிப்புகளை அழித்திருக்கிறார்கள்.

அவளுக்கென்று வந்து சேர்ந்தது ஒரு சனியன். அவர்கள் சிஸ்டத்தில் ஓடுகிற பேக்கரி அடுப்புகள் எப்போதாவது அப்படியே உறைந்துபோகும். உள்ளே இருக்கும் ரோஹ்லிக் ரொட்டியெல்லாம் கரி. சிஸ்டத்துக்குள் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு வேலைகள் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது மட்டும் தெரிந்தது. எங்கே என்று பார்க்க, நிரலின் நடுவில், அந்த இடத்தைத் தாண்டும்போது திரையில் எழுதிக் காட்டும் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தாள். உறைவதே நின்றுபோயிற்று. எடுத்தால் உறைந்தது, போட்டால் ஓடியது. தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

குழுத் தலைவன் போஹூஷுக்கோ ஒரே சந்தோஷம். அந்த வரியையே விட்டுவிடு, ஆயிற்று வேலை என்றான். அந்த வரி ஒரு வேலையை இம்மி தாமதப்படுத்துகிறது, அதனால் மோதல் தள்ளிப்போகிறது, நோய் அப்படியேதான் இருக்கிறது என்று அவள் கத்தினாள். யார் காதில் விழுந்தது? வரி அப்படியே தங்கிவிட்டது.

விடாமல் தேடிப் பிடித்தும்விட்டாள். ஒரே அடுப்படியில் ஒருத்தி வாணலியை வைத்துக்கொண்டு கரண்டிக்குக் காத்திருக்க, இன்னொருத்தி கரண்டியை வைத்துக்கொண்டு வாணலிக்குக் காத்திருந்தால் சமையல் நடக்குமா? ஒரு வேலை கையாள்வதை இன்னொன்று தொடாதபடி நிரலில் போடும் பூட்டுகள் இரண்டை, இரண்டு வேலைகளும் நேரெதிர் வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தன. எல்லா வேலைகளும் ஒரே வரிசையில் எடுக்கும்படி திருத்தி போஹூஷுக்கு அனுப்பினாள். அது எவரும் திறக்காமலே கிடந்தது.

இலையுதிர்காலத்தில் தங்கையோடு காட்டில் காளான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போஹூஷிடமிருந்து போன் வந்தது. புதிதாக வந்த ஒருவன், தேவையில்லாத வரி என்று அந்தப் பிரிண்டைத் துடைத்துவிட்டானாம்; அடுப்புகள் மறுபடி உறைகின்றனவாம்.

“வெண்டுலா, அந்த வரியத் திருப்பிப் போட்டுடேன். பேக்கரிக்காரன் உயிர எடுக்கிறான்.”

“நான் அனுப்பின திருத்தத்த சேத்துடு போஹூஷ். நீ தெறந்துகூடப் பாக்கல.”

“பாக்கறேன் பாக்கறேன். அதச் சோதிக்க இப்ப ஏது நேரம்? மொதல்ல வரியப் போடு.”

காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து வரியைச் சேர்த்தாள். இன்னொருவன் வந்து துடைத்துவிடக் கூடாதே என்று, பூட்டு வரிசைக் கோளாறு முழுவதையும் அதற்கு மேலே விளக்கி எழுதினாள். அதைப் பார்த்ததும் போஹூஷ் மறுபடி போன் செய்து பதறினான். வாடிக்கையாளரும் இந்த நிரலைப் படிப்பார், தப்பு நம்முடையது என்று நாமே எழுதிக் கொடுப்பதா, எடுத்துவிடு என்றான்.

எடுத்தாள். அந்த இடத்தை வெறுமையாக விடவும் மனசு வரவில்லை. கடைசியில், “ஏன் என்று கேட்காதே, தொடாதே” என்று தட்டினாள். எழுதியவர் வெண்டுலா என்று, நிரலைச் சேர்த்துவைக்கும் மென்பொருள் தானாகவே பக்கத்தில் பதிவுசெய்துகொண்டது.