நாற்பது டிகிரி வெதுவெதுப்பு

நோய் முதலில் என் கையில்தான் தெரிந்தது. நகரியில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று நான்கு தொட்டி ஓடுகிறது. விளிம்பைத் தொட்டே அறுபது டிகிரியா எழுபதா என்று சொல்லிவிடுவேன். அன்று காலை ஆவி பறக்கும் தொட்டி எனக்குச் சில்லென்று இருந்தது. அடுப்பு பார்ப்பவனைத் திட்டினேன். தொட்டியின் சூடு பார்க்கும் கருவி அறுபது காட்டியது. குளிர் என் உடம்பில்தான் இருந்திருக்கிறது.

என் மனைவி சரசு, அக்கா மகள். அவள் என்னை 'மாமா' என்பது மரியாதை, 'நீ' என்பது அதிகாரம். வீட்டுத் தெர்மாமீட்டர் உடைந்து போயிருந்ததால் பக்கத்து வீட்டில் வாங்கி வருகிறேன் என்றாள்.

"முழ நீளத்துக்கு தெர்மாமீட்டர் வச்சிக்கினு இன்னொருத்தன் வாசல்ல நிக்கறதா?" என்றேன்.

பட்டறைக் கருவியைக் கழுவி அக்குளில் வைத்தேன். நாற்பது காட்டியது.

"வெதுவெதுப்பு. இந்தச் சூட்டுல நூல்ல சாயமே ஏறாது. போய் வேலையப் பாரு."

இரண்டு நாள் அந்த வெதுவெதுப்பில் கிடந்தேன். மூன்றாம் நாள் கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். சாயம் தெறித்திருக்கிறது என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

"ரெண்டு நாளா பட்டறைப் பக்கமே போவல. சாயம் இன்னா, உன்னத் தேடிக்கினு வந்துச்சா மாமா?" என்ற சரசு, கார் பிடித்து என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே நர்ஸ் பார்த்துவிட்டு, "நூத்தி நாலு" என்றாள்.

"நூறுலயே தண்ணி கொதிக்கும்மா. நான் இன்னா கொதிக்கிறேனா? வேற கருவி கொண்டா."

டாக்டர் இளம்பெண். தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். "தாத்தகாரு, ரெண்டும் ஒரே சூடுதான். உங்க நாப்பது செல்சியஸ், எங்க நூத்தி நாலு ஃபாரன்ஹீட். நெருப்பு போடாத தொட்டி எவ்வளவு இருக்கும்?"

"முப்பது."

"உங்க உடம்பு சும்மா இருந்தாலே முப்பத்தேழு. மூணு டிகிரி ஏறியிருக்கு. தொட்டிக்கு அது ஒண்ணுமில்ல, உங்களுக்கு ரொம்ப அதிகம்."

நாற்பது வருடத் தொழிலில் என்னைப் பேச்சில் மடக்கிய முதல் ஆள் அவர்தான்.

டெங்கு என்றது பரிசோதனை. தட்டணுக்கள் (இரத்தத்தை உறையவைப்பவை) சரிந்திருந்தன. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். ஆறு நாள் சலைன் (நரம்பில் ஏற்றும் உப்புநீர்) ஏறியது.

காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். தொட்டிக்கும் வெயிலுக்கும் செல்சியஸ் போதும். சித்தூர் வெயில் நாற்பத்திரண்டு என்றாலே தலை சுற்றும். காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட் வசதி. நூறைத் தாண்டினால் தயங்காமல் டாக்டரிடம் போ என்று கணக்கு எளிது. எதில் பார்த்தாலும் எந்தக் கணக்கு என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். நூலுக்கு முப்பதிலிருந்து தொண்ணூறு வரை இடம் உண்டு. மனிதன் நாலைந்து டிகிரிக்குள்தான் உயிரோடு இருக்கிறான். அது எனக்கு அறுபத்தெட்டு வயதில் தெரிந்தது.

வீடு திரும்பிய பிறகும் காலையும் மாலையும் சூடு பார்க்கச் சொன்னார்கள். சரசு புதுத் தெர்மாமீட்டர் வாங்கி நாக்குக்கு அடியில் வைத்தாள். இரண்டு நிமிடம் பேசக் கூடாது.

"அன்னிக்கு கார்ல நான் எத்தினி வாட்டி கேட்டும் நீ பதில் பேசல மாமா," என்றாள். "நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. வடமாலபேட்டை தாண்டற வரைக்கும் உன் மூக்குகிட்ட கை வச்சிக்கினே வந்தேன்."

பதில் சொல்ல வழியில்லை. என் ஆயுளில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் கண்டதில்லை.

கருவியை எடுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு, காய்ச்சல் இல்லை.

"சரியா ஏறல போல," என்று நானே வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் வை. நீ பேசிக்கினே இரு."