பெட்டியைத் தோளில் மாட்டும் நேரம்

ஒரு பழைய இந்திக் காதல் பாட்டு எங்கள் மாஸ்டரைக் கொல்லப்போகிறது என்று நான் சில மாதங்கள் உறுதியாக நம்பினேன். திருச்சியில் கல்யாண வரவேற்புகளில் மைக்கைப் பிடித்து ஊரைச் சிரிக்கவைக்கும் மெல்லிசைக் குழு அறிவிப்பாளன் நான்; ஐம்பதைத் தாண்டியவன். இப்படி நம்பியதே வெட்கக்கேடு. அதைவிட வெட்கக்கேடு, நான் பயந்த அந்தக் கதையைக் கட்டிவிட்டவனே நான்தான்.

மாஸ்டர் எங்கள் குழுவின் தலைவர். மற்ற பாட்டுகளுக்குக் கீபோர்டில் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அக்கார்டியன் வேண்டும். நெஞ்சை அடைக்கும், துருத்தி வைத்த கனத்த கறுப்புப் பெட்டி. அதைத் தூக்கி, இரண்டு வாரையும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் மேடை ஊமையாகிவிடக் கூடாதென்று பாட்டு உருவான கதையை நான் சொல்வேன். மாஸ்டர் தலையசைத்தால் நிறுத்திவிடுவேன். பொன்மலை ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் இருந்தால், அந்தப் பாட்டைக் கேட்காமல் பந்திக்குப் போகமாட்டார்கள்.

உண்மைக் கதை எனக்கெங்கே தெரியும்? பம்பாயை ரயில்வே மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே அவிழ்த்துவிட்டேன். பாடகரும் பாடகியும் சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமலே காதலைப் பாடினார்கள் என்பது முதல் கதை. ஒரு நிமிடத்துக்கு அது போதுமாக இருந்தது. பிறகு போதவில்லை, மாஸ்டர் தலையசைக்கக் காணோம். ஒலிப்பதிவுக் கூடம் மழையில் ஒழுகியதைச் சேர்த்தேன். அதுவும் தீர்ந்தது. கே.கே. நகரில் ஒரு வரவேற்பில், வேறு வழியில்லாமல், அந்த ஒலிப்பதிவில் அக்கார்டியன் வாசித்த கலைஞரைக் கதையில் கொன்றுவிட்டேன். கடைசிச் சுரத்தை நீளமாக இழுத்தார், பெட்டியோடு நாற்காலியில் சாய்ந்தார், பிறகு எழவேயில்லை. முன்வரிசைப் பெண்கள் ‘ச்சு’ கொட்டினார்கள்.

வேனில் ஏறும்போது மாஸ்டர் கேட்டார்: “ஏன்யா, உசுரோட இருக்கிறவன் கதை ஒண்ணும் உன்கிட்ட ஸ்டாக் இல்லையா?”

“செத்தவன்தான் மாஸ்டர் கேஸ் போடமாட்டான்.”

அடுத்த நிகழ்ச்சியில் மாஸ்டர் கடைசிச் சுரத்தை நீளமாக இழுத்தார். பெட்டியோடு நாற்காலியில் சாய்ந்தார். ஏசி அரங்கில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாரே தவிர, உடனே எழவில்லை. அதற்கடுத்த மேடையிலும் அப்படியே. இடது கையை வேறு உதறிக்கொண்டார். என் நாக்கு செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் வேனுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். குங்குமச் சிவப்பில் ஒரு மந்திரித்த கயிறு வாங்கி, அக்கார்டியன் பெட்டியின் கைப்பிடியில் கட்டினேன். என் மனைவியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நீங்க சொல்ற பொய்யை நம்புற ஒரே ஆள் நீங்கதாங்க” என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் அடுத்த வரவேற்பு. பட்டியலிலிருந்து பாட்டை எடுத்துவிட்டேன். ஆனால் மணப்பெண்ணின் பெரியப்பா பொன்மலைக்காரர். மேடையேறி வந்தே கேட்டார். மாஸ்டர் பெட்டியின் பக்கம் குனிந்தார். சாபத்தை முறிக்க அந்தக் கணத்தில் எனக்கொரு யோசனை தோன்றியது. அந்தக் கலைஞர் சாகவில்லை, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து கொள்ளுப்பேரன்களோடு கேரம் ஆடினார் என்று அறிவித்தேன். அரை நிமிடத்தில் கதை முடிந்தது. திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் நாற்காலியில் இருக்கிறார். பெட்டி மடியில், ஒரு வார் மட்டும் தோளில். வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, இழு, இழு என்று விரலால் சைகை காட்டினார். இழுத்தேன். ஒவ்வொரு கொள்ளுப்பேரனுக்கும் பெயர் வைத்தேன், ஒருவனைப் பத்தாம் வகுப்பில் ஃபெயிலாக்கினேன். கூட்டம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். நான்கு நிமிடம் கழித்து எழுந்து, ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார்.

பிழைத்துவிட்டார், கதையை மாற்றி விதியை ஏமாற்றிவிட்டேன் என்று நான் இரண்டு கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மாஸ்டர் வீட்டில் சரிந்து விழுந்தார். புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு நான் ஓடிச்சேர்ந்தபோது, டாக்டர் மாஸ்டரின் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாளா மூச்சு வாங்குது? கனம் தூக்கினா சிரமப்பட்டாரா?”

“எங்ககிட்ட எதுவும் காட்டிக்கலைங்க. வாயுத் தொல்லைன்னு சொல்லி ஓமவாட்டர் குடிப்பாரு, அவ்வளவுதான்.”

என்னிடம் காட்டியிருந்தார். ஒரு நிமிடக் கதை இரண்டானது, மூன்றானது, நான்கானது, எல்லாம் அந்தப் பெட்டியைத் தூக்க அவரால் முடியாமல் போனதால். ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு மேடையிலாவது மைக்கை வைத்துவிட்டு, “என்ன மாஸ்டர் பண்ணுது?” என்று நான் கேட்கவில்லை. கூட்டத்துக்குத் தெரியாதபடி கதையை நீட்டிக்கொடுத்தேன்.

அவருடைய இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் இரண்டு, பல மாதங்களாக அடைபட்டுக்கொண்டே வந்திருந்தன. முன்பே வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்றார் டாக்டர். மாஸ்டர் அன்று மதியம் இறந்துபோனார்.