பிள்ளை கொடுத்த கிருமி

அம்பத்தூரில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆராய்ச்சி நடத்தியவன் நான். பொய். நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. நான் பீ சுமந்தேன். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. எழுபதுகளில் எனக்கு வேறு எந்த ஆஸ்பத்திரி உத்தியோகம் கிடைக்கும்?

கைக்குழந்தைகளுக்கு வாயில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி, ஆனால் வலுவிழந்தது. குழந்தையின் வயிற்றில் பெருகி மலத்தில் வரும். துணி அலசுகிற அம்மாவின் கை வழியாக அவள் வயிற்றுக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் வாரா வாரம் மேனாம்பேட்டில் வீடு வீடாகப் போவேன். குழந்தையுடையது ஒரு பாட்டில், அம்மாவுடையது ஒரு பாட்டில். ஐஸ் பெட்டியில் வைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். பெட்டியைப் பார்த்தாலே பையன்கள் பின்னால் ஓடி வருவார்கள்.

"அண்ணாத்தே, சேமியா ஐஸ் கீதா?"

"கீது. துட்டு வாணாம், சும்மாவே தரேன் வா!"

கோடி வீட்டில் ஒரு பெண். முதல் பிள்ளை, ஆண். புருஷனுக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. அவளுக்கும் கிருமி வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொல்ல, அந்தச் செய்தியைக் கொண்டுபோனேன்.

"உன் புள்ள குட்ச்ச மருந்து உனுக்கும் ஓசியில வந்துகீது தங்கச்சி. ஒண்ணியும் பண்ணாதாம். நல்லதுதானாம்."

மடியில் கிடந்தவனைப் பிடித்து உலுக்கினாள். "டேய், பால் குட்த்தவளுக்கு இத்தத்தான் திருப்பிக் குட்த்தியா?" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் போனபோது கொடியில் குழந்தைத் துணி இல்லை. மார்ச்சளி முற்றி, அவள் அடுப்பை மூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டானாம். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பினேன். அவளே பின்னால் வந்தாள், தன் பாட்டிலோடு.

"என்னுது கீது, எடுத்துகினு போ. அவன் குட்த்தது இன்னும் உள்ள கீதான்னு கேட்டுச் சொல்லு அண்ணாத்தே."

இருந்தது. அடுத்த வாரம் போய் அதைச் சொன்னதும், முழுகாமல் இருப்பவளைப் போல வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து புருஷன் கத்தினான். "இன்னாடி, செத்த புள்ள பீயிலயா கீறான்?" கத்தியவன் சுவர் பக்கம் திரும்பி அழுதான். கல்யாண வீடு, கருமாதி வீடு எதிலும் அடங்காத வாய் என்னுடையது. அங்கே, அந்த வாரத்துப் பாட்டிலை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கிளம்பினேன்.

அதன்பிறகு நான் போகிற நாளில் பாட்டிலை முந்தானையில் மறைத்து வாசலிலேயே நிற்பாள்.

"கீதா?"

"கீதுமா."

அந்த ஒரு பேச்சைக் கேட்டால்தான் சோற்றில் கை வைக்கிறாள் என்று புருஷன் என்னிடம் சொன்னான்.

ஒருநாள் டாக்டரம்மா, "அந்தம்மாவுக்குப் போயிடுச்சுப்பா, இனிமே வாங்காதே" என்றார். அது எப்போதும் உள்ளேயே தங்காதாம். கிருமி போனாலும் அது கொடுத்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் நிற்குமாம். இந்தக் கடைசிச் சேதியை மட்டும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

"கீதா?"

"இல்லமா. போய்ட்ச்சி."

"எப்போ?"

"தெரிலமா. நடுவுல என்னிக்கோ."

"இதுவும் என்னான்ட சொல்லிக்காம போய்ட்ச்சா..." வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிருமிதாம்மா போச்சி. அவன் குட்த்த தெம்பு உன் ரத்தத்துல நிக்கும். அத்த எவனும் எடுக்க முடியாது."

"பாட்டில்ல தெரியுமா அது?"

"தெரியாது. ரத்தம் எடுத்துதான் பாக்கணும்."

அவள் கையை நீட்டினாள். "எடுத்துப் பாரு."

எனக்கு ஊசியின் எந்தப் பக்கம் கூர் என்பதே சந்தேகம். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, நாடி பார்ப்பவனைப் போல அந்தக் கையைப் பிடித்து, "கீது..."

இதோ, இப்போது உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். "யோவ், கரெண்டு ஆளு வந்து நிக்கிறான்! ஏணியப் புடிக்க வர்றியா, இல்ல இன்னும் கத வுட்டுகினே கீறியா?"

வரேன்டி.